பன்னிரண்டு நாற்பது வருகைப் பதிவு

கரண்ட் இப்போதைக்கு வராது. லைன்மேன் போனையே எடுக்கவில்லை. அந்த செல் லைட்டையும் அணைத்துவிட்டு எல்லாரும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்... தோள் இடித்தால் இடிக்கட்டும். பாதிக் கதையில் நீங்களே நெருங்கி உட்காருவீர்கள்.

எங்கள் ஆபீஸில் எலியேசர் என்று ஒருத்தர். அவருடைய தங்கச்சி ஜெமிமா. ஜெமிமாவின் வீட்டுக்காரன் எஸ்றா. அந்த எஸ்றாவுக்கு நடந்தது இது. எலியேசர் இட்டுக்கட்டிப் பேசுகிற ஆள் கிடையாது. இதைச் சொல்லி முடிக்கிற வரை வாங்கின டீயை அவர் தொடவே இல்லை.

பேய் என்றதும் அமாவாசை, நடுராத்திரி என்று நினைத்துவிடாதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. உச்சிப் பொழுது என்று ஒன்று இருக்கிறதே... நம் நிழல் நம் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்கிற நேரம். அந்த நேரத்தில்.

மாசி மாதம். மதியம் ஒன்றே கால் மணி. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலைத் தாண்டி ஆற்றை ஒட்டிப் போகிற ரோடு. ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறு பக்கம் உடைமரக் காடு. அந்த வெயிலில் ஆடு மேய்க்கிறவன்கூட மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பான். ஒரு காக்கா சத்தம் கிடையாது. எஸ்றா பைக்கில் முக்கூடலுக்கு வந்துகொண்டிருந்தான். நாலைந்து தாள் ஜெராக்ஸ் எடுக்கணும்.

அவன் வேலை பார்த்தது ஒரு தொழிற்பயிற்சி மையத்தில். மூடிப்போன நூல் மில் கொட்டகை ஒன்றைப் பிடித்து, உள்ளே இரண்டு சி.என்.சி. லேத் போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் கொடுத்தால் இரும்பை, பித்தளையைத் தானே கடைந்து கொடுக்கிற மெஷின். ஆறு மாதப் படிப்பு. முடித்தால் ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனி வேலை. சுற்று வட்டாரத்துப் பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் சேர்ந்தார்கள். எஸ்றா அங்கே வாத்தியார். வயது முப்பத்தி நாலு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவன். இன்னும் மூன்று மாதத்தில் வேலை நிரந்தரம் ஆகப் போகிறது.

எதிரே ஒரு அம்மா நடந்து வந்தாள். கையில் தூக்குச்சட்டி. காலில் செருப்பு இல்லை. தார் இளகுகிற வெயில்... அவள் பாட்டுக்குத் தண்ணீரில் நடக்கிற மாதிரி நடந்து வருகிறாள். கிட்டே வந்ததும் எஸ்றாவுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. இசக்கியம்மா. வண்டியை நிறுத்தினான். நிறுத்தாமல் போயிருக்கலாம்.

"எங்கம்மா, இந்த வெயில்ல?"

"உங்க சென்டருக்குத்தான் சார். பிள்ளைக்குச் சோறு கொண்டுட்டுப் போறேன்."

"எந்தப் பிள்ளைக்கு?"

"என்ன சார் இப்படிக் கேக்கீய? என் பிள்ளை கலையரசிக்குத்தான். வந்திருக்கான்னு மெசேஜ் வந்துச்சுல்லா."

முந்தானையில் முடிந்திருந்த போனை எடுத்து நீட்டினாள். கீறல் விழுந்த சின்னப் போன். எஸ்றா வாங்கிப் பார்த்தான். 'தங்கள் மகள் கலையரசி மதியப் பயிற்சிக்கு வந்துள்ளார். நேரம் 12:40.' அன்றைய தேதி. அதற்கு மேலே முந்தின நாள் மெசேஜ். அதற்கும் மேலே அதற்கு முந்தின நாள். எல்லாம் 12:40.

கலையரசி செத்து இரண்டு மாதம் ஆகப் போகிறது.

எப்படிச் செத்தாள் என்பதைச் சொல்லணும். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

டிசம்பரில் அந்த மையத்தைப் பார்க்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. மேனேஜர் மணிராஜ், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளைப் பேனா ஸ்டாண்ட் நம் மெஷினிலேயே செய்து கொடுக்கணும் என்று சொல்லிவிட்டார். கண்ணாடி மாதிரி மின்னணுமாம். மெஷின் கடைந்து கொடுத்ததில் மெல்லிசாகக் கோடு விழுந்திருந்தது. அதைப் போக்க ஒரே வழி, பித்தளை சுற்றிக்கொண்டிருக்கும்போதே எமரி தாளை, அதாவது உப்புத்தாளை, கையால் பிடித்து அழுத்துவது.

ஆனால் அந்த மெஷின் கதவைத் திறந்தால் நின்றுவிடும். கதவில் நாக்கு மாதிரி ஒரு எஃகுத் துண்டு உண்டு. கதவை மூடினால் அது போய் ஒரு ஸ்விட்சுக்குள் சொருகிக்கொள்ளும். சொருகினால்தான் மெஷின் சுற்றும். ஆளைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. அதே மாதிரி வேறொரு நாக்கை வாங்கி ஸ்விட்சில் நிரந்தரமாகச் சொருகிவிட்டால்? கதவு திறந்தே கிடக்கும்... மெஷின் மூடியிருக்கிறது என்று நினைத்துச் சுற்றும். பட்டறையில் அதற்கு டம்மி சாவி என்று பெயர். எஸ்றா ஒன்று வைத்திருந்தான். மேஜை டிராயரில், பைபிளுக்குப் பக்கத்தில்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள். கலையரசியை மட்டும் நிறுத்திக்கொண்டான். இருபது வயது. சின்ன வயதிலிருந்து பீடி சுற்றி, விரல் நடுங்காத பிள்ளை. இடது கட்டை விரலில் குறுக்கே சரிவாக ஒரு தழும்பு இருக்கும். ஒன்பது வயதில் இலை வெட்டுகிற கத்தரி பட்டது. தன் கையாலேயே எஸ்றா டம்மி சாவியைச் சொருகினான். எமரி தாளைக் கொடுத்தான். அதோடு வெள்ளைத் துணி கையுறை ஒரு ஜோடி கொடுத்தான். மின்னுகிற பித்தளையில் விரல் ரேகை விழுந்துவிடக் கூடாதே.

அவள் கையுறையையும் அவனையும் பார்த்தாள்.

"சார், சுத்துற மெஷின்கிட்ட கையுறை போடக் கூடாதுன்னு நீங்கதான முத நாளு சொன்னீய?"

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எஸ்றாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"ஏ பிள்ள, நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்லுதியா? போடுன்னா போடு."

போட்டாள்.

கையுறையில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அவ்வளவுதான். ஒரு நூல்... மெஷின் அதைப் பிடித்தது. நூல் கையுறையை இழுத்தது. கையுறை கையை இழுத்தது. நிமிஷத்துக்கு ஆயிரத்தைநூறு சுற்று. எஸ்றா ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடிப்பதற்குள் முடிந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. பிள்ளை சாகவில்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

இரண்டாம் நாள் எஸ்றா பார்க்கப் போனான். இசக்கியம்மா காபி வாங்கக் கீழே போயிருந்தாள். கலையரசி அவனைப் பார்த்ததும் அழவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"சார், பரீட்சை எழுத எம்பது பர்சன்ட் வருகை வேணும்லா? நான் இங்கன கிடந்தா என்ன செய்ய?"

எஸ்றா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். மணிராஜ் டைப் பண்ணிக் கொடுத்தது; குழாயடியில் நின்ற இரண்டு பிள்ளைகளின் வாயையும் அவர் ஏற்கெனவே அடைத்திருந்தார். 'வாத்தியார் இல்லாத நேரத்தில் நானே டிராயரைத் திறந்து சாவியை எடுத்துப் போட்டேன். யாரும் சொல்லவில்லை.'

"இதைப் பாரு. நீதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. சின்னப் பிள்ளை தெரியாமப் பண்ணிட்டான்னு விட்டுருவாங்க. என் பேர் வந்துச்சுன்னா சென்டரையே இழுத்துப் பூட்டிருவாங்க. இருவது பிள்ளைங்க படிப்பும் போச்சு."

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வருகையை நான் பாத்துக்கிடுதேன். பரீட்சையும் நீ எழுதுத. எழுத முடியாத பிள்ளைங்களுக்கு ஆள் வைக்காங்கல்லா, அது மாதிரி நான் வாறேன். நீ பக்கத்துல நின்னு சொல்லு போதும். உன் கையா இருந்து நான் மெஷினை ஓட்டுதேன். ஆண்டவருக்கு முன்னால சொல்லுதேன், பிள்ள."

"நெசமாவா சார்?"

"நெசமா."

வலது கை இல்லை, கையெழுத்துப் போட முடியாது. இடது கட்டை விரலில் எஸ்றாவே மை தடவி, தாளில் வைத்து அமுக்கினான். கத்தரித் தழும்பு குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்தது. நாலாம் நாள் காய்ச்சல் ஏறியது. ஐந்தாம் நாள் விடியற்காலை செத்துப்போனாள். அன்றைக்கே எஸ்றா வீட்டுக்குப் போகிற வழியில், வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, டம்மி சாவியைத் தாமிரபரணியில் எறிந்தான். 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள்.

"அது கம்ப்யூட்டர் கோளாறும்மா. செத்தவ எப்படி வருவா? வீட்டுக்குப் போங்க" என்றான் எஸ்றா.

இசக்கியம்மா போகவில்லை. "செத்தவன்னு எனக்கும் தெரியும் சார். நான்தான குளிப்பாட்டுனேன். ஆனா வந்திருக்கான்னு ஒரு எழுத்து வருதே. வந்த பிள்ளை பசியோட நிக்கக் கூடாதுல்லா?"

அவள் பாட்டுக்கு மையத்தைப் பார்த்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே தூக்குச்சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அந்த மையத்தில் வருகைப் பதிவுக்கு வாசலில் ஒரு மெஷின் உண்டு. விரலை வைத்தால் ரேகையைப் பார்த்துப் பெயர் காட்டும், 'நன்றி' என்று ஒரு பெண் குரல் சொல்லும், வீட்டுக்கு மெசேஜ் போகும். எஸ்றா போய்ச் சொன்னதும் மணிராஜ் அன்றைக்கே கலையரசியின் பெயரை அதிலிருந்து அழித்தார். மறுநாள் 12:40க்கு மெசேஜ் போனது. இன்னொரு தடவை அழித்தார். போனது. மெஷின் வாங்கின இடத்தில் கேட்டால், பெயரே இல்லையே சார், எப்படிப் போகும் என்றார்கள். "எவனோ விளையாடுதான் வே, நம்ம பயலுவதான்" என்று மணிராஜ் விட்டுவிட்டார்.

வாட்ச்மேன் அசன் மைதீன் வயசாளி. ஒரு நாள் சாயங்காலம் எஸ்றாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார்வாள், வாசல் கேமராப் படத்தைப் பாத்தேன். மேனேஜருக்குக் காட்டல. நீங்க மட்டும் வந்து பாருங்க."

படம் ஓடியது. வெறிச்சென்று வாசல். வெயில். மூலையில் நேரம் ஓடுகிறது. 12:39... 12:40. ஒரு ஆள் உள்ளே இருந்து வருகிறான். கண் பாதி மூடியிருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், பக்கத்தில் ஒருத்தர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நடப்பது போல. வலது ஆள்காட்டி விரலை மெஷினில் வைக்கிறான். திரையில் எழுத்து வருகிறது. கலையரசி.

அந்த ஆள் எஸ்றா.

எஸ்றா படத்தைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை பார்த்தான். தினமும் சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்ப மரத்தடியில் கண் அசந்துவிடுவான். எழுந்து போனதாக நினைவே இல்லை. மெதுவாக வலது கையை மூக்கருகே கொண்டுபோனான். பீடி இலை வாசம்... ஈரத் துணியில் சுற்றி வைத்த இலையும் தூளும் கலந்த வாசம். அவன் ஜென்மத்தில் பீடியைத் தொட்டது இல்லை.

"கையை மோந்து பாக்கீயளோ?" என்றார் அசன் மைதீன். "எனக்கு ஒரு வாரமா அந்த வாசம் வருது சார்வாள். உங்ககிட்ட இருந்துதான்."

அன்று ராத்திரி ஜெமிமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சாவி, கையுறை, கட்டை விரல், எல்லாம். அவள் விளக்கைப் போட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"போய் அந்தம்மாகிட்ட சொல்லிருங்க. நாளைக்கே."

"சொல்லுதேன். வேலை நிரந்தரம்னு ஆர்டர் கைக்கு வரட்டும்."

தூக்குச்சட்டி தினமும் வந்தது. அதுவும் இன்னொரு சங்கடம். கேட்டில் வைத்த சோற்றை யாரும் தொடக் கூடாது என்று மணிராஜ் சொல்லியிருந்தார். ஆனால் மறுநாள் இசக்கியம்மா வரும்போது சட்டி காலியாக, கழுவிக் கவிழ்த்திருக்கும். எஸ்றா வேப்ப மரத்தடியில் கண் விழிக்கும்போது நகக் கண்ணில் கருவாட்டுக் குழம்பு ஒட்டியிருக்கும். அவனுக்குக் கருவாடு ஆகாது. வாயில் அந்த ருசி ராத்திரி வரை போகாது.

பங்குனியில் ஒரு மதியம் இசக்கியம்மா சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எஸ்றா கேட்டுக்கு உள்ளே. அவள் வெளியே. நடுவில் கம்பி.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல என் பிள்ளையைத் திமிரு பிடிச்சவன்னு சொல்லுதாங்க. வாத்தியார் இல்லாதப்போ டிராயரைத் திறந்து களவாண்டு சாவியைப் போட்டாளாம். தானா போய்க் கையைக் குடுத்தாளாம். விசாரணைப் பேப்பர்ல அப்படித்தான் இருக்காம். அவ அடுத்த வீட்டுத் தீப்பெட்டியைக்கூடக் கேக்காம எடுக்க மாட்டா சார்."

எஸ்றா கம்பியில் உரிந்திருந்த பெயின்டை நகத்தால் சுரண்டினான்.

"நீங்க பக்கத்துல இருந்தீயல்லா. எனக்கு ஒண்ணும் வேண்டாம். சாவியைப் போட்டது என் பிள்ளை இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பேப்பரை மாத்திருவாங்க. நான் தெருவுல தலை நிமிந்து நடப்பேன். சொல்லுங்க சார், அவளா போட்டா?"

சொல்லியிருக்கலாம். உதடு வரை வந்தது என்று எஸ்றாவே பின்னால் சொன்னான். அதே நேரத்தில் ஆபீஸ் அறை ஜன்னலில் மணிராஜ் தலை தெரிந்தது.

"ஆமாம்மா. அவதான் போட்டா. நான் வெளியில இருந்தேன்."

இசக்கியம்மா அழவில்லை. "சரி சார்" என்றாள். சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். "இன்னைக்குச் சோறு கொஞ்சம் குழைஞ்சுட்டு. அவ வந்தான்னா பாத்துத் தின்னச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சட்டியும் வரவில்லை. மெசேஜ் மட்டும் நிற்கவில்லை.

சித்திரை கடைசி. கத்திரி வெயில். பரீட்சை நாள். பரீட்சை எடுக்க மதுரையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். கம்ப்யூட்டர் தானே எடுத்துக் கொடுத்த பட்டியலை வாசித்தார். இருபது பெயர் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, இருபத்தி ஒன்றாவதாக ஒரு பெயர் வாசித்தார்.

"கலையரசி. வருகை எண்பத்தோரு சதவீதம். எங்க, காணோமே?"

பிள்ளைகள் திரும்பி எஸ்றாவைப் பார்த்தார்கள். மணிராஜ் கிட்டே போய்க் காதில் சொன்னார். அதிகாரி பட்டியலையும் மணிராஜையும் மாறி மாறிப் பார்த்தார். "நேத்து மதியம் வரைக்கும் வந்திருக்காங்களே" என்று மட்டும் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் எஸ்றா நேராக அசன் மைதீனிடம் போனான்.

"பாய், இன்னைக்கு நான் தூங்கக் கூடாது. என் கையைப் பிடிச்சுக்கிடுங்க. என்ன நடந்தாலும் விட்டுராதீய."

அவர் இரண்டு கையாலும் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயின் பேரப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். பன்னிரண்டு முப்பத்தைந்து. முப்பத்தாறு. அசன் மைதீன் தாடியைச் சொறிய ஒரு கையை எடுத்தார்...

பிறகு எஸ்றாவுக்கு நினைவு வந்தபோது மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. மெஷினைக் குளிர்விக்கிற கூலன்ட் எண்ணெயின் புளித்த வாடை. அதோடு இடது பக்கமிருந்து, தோளுக்கு ரொம்பக் கிட்டே, பீடி இலை வாசம். ஸ்விட்சில் டம்மி சாவி சொருகியிருந்தது. ஆற்றில் போட்ட அதே சாவி. பச்சைப் பாசி படர்ந்து, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... உள்ளே ஒரு பித்தளைப் பேனா ஸ்டாண்ட், அன்றைக்குப் பாதியில் விட்டது, சுற்றிக்கொண்டிருந்தது.

வலது கையைப் பார்த்தான். வெள்ளைத் துணி கையுறை போட்டிருந்தது. விரலில் எமரி தாள்.

கையைப் பின்னால் இழுத்தான். தோள் வந்தது. கை வரவில்லை. அது அடுத்தவர் கை மாதிரி பதறாமல், ஒரு நடுக்கம் இல்லாமல், அழகாக முன்னால் போனது. பீடி சுற்றுகிறவர்களின் விரல் அசையுமே... அப்படி.

ஜன்னலுக்கு வெளியே நின்று கை கழுவிக்கொண்டிருந்த மதுரை அதிகாரி இதைப் பார்த்திருக்கிறார். வாத்தியார் யாருக்கோ செய்து காட்டுகிறார் என்று நினைத்தாராம். எஸ்றா இடது பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ சொல்லச் சொல்லக் கேட்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தான். "சரி... சரி... இன்னும் கொஞ்சம் அமுக்கவா? சரி." கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

கையுறையில் ஒரு நூல் பிரிந்திருந்தது.

மெஷின் சத்தம் ஒரு நொடி அமுங்கியது. பாரம் ஏறினால் அப்படி அமுங்கும். பிறகு பழையபடி சீராகச் சுற்ற ஆரம்பித்தது. வாசலில் அந்தப் பெண் குரல் 'நன்றி' என்றது. பன்னிரண்டு நாற்பது.

எஸ்றா பிழைத்துக்கொண்டான். வலது கை போய்விட்டது. முழங்கைக்குக் கீழே. டாக்டர் சொன்ன அளவுகூட அதே அளவுதான் என்று எலியேசர் சொன்னார்.

கண் விழித்த அன்றைக்கே, கலையரசி விபத்தை எழுதின விசாரணைக்காரரைக் கூப்பிடுங்கள் என்று கத்தினான். வந்தார். எல்லாவற்றையும் சொன்னான். சாவியைச் சொருகினது நான், கையுறை கொடுத்தது நான், அந்தப் பிள்ளையிடம் பொய் ரேகை வாங்கினது நான். வேலையும் வேண்டாம், ஜெயிலுக்கும் போகிறேன், அந்தத் தாளை மட்டும் மாற்றுங்கள் என்று அழுதான். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். வலது கை இல்லை, கையெழுத்து முடியாது. இடது கட்டை விரலில் மை தடவித் தாளில் வைத்து அமுக்கினார்கள்.

மூன்று நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். இரண்டு தாளையும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று டிசம்பரில் கலையரசி வைத்தது. ஒன்று எஸ்றா வைத்தது.

"சார், ரெண்டும் ஒரே ரேகை. உங்களோடது இல்ல. உங்க வேலைக் கோப்புல இருக்குற ரேகை வேற. செத்த பிள்ளை ரேகையை எங்கயோ பிடிச்சு வச்சு ஒட்டியிருக்கீங்கன்னு ரேகை பாக்குறவங்க எழுதியிருக்காங்க. இது செல்லாது. பழைய பேப்பர்தான் நிக்கும்."

"நீங்கதான சார் என் விரலைப் பிடிச்சு அமுக்குனீங்க!"

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

எஸ்றா இடது கையைத் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலில் குறுக்கே, சரிவாக, ஒரு வெள்ளைத் தழும்பு. பழைய தழும்பு. வருஷக்கணக்கில் ஆறிப்போன தழும்பு.

வீட்டுக்கு வந்ததும் ஜெமிமாவை அனுப்பி இசக்கியம்மாவைக் கூட்டி வரச் சொன்னான். தாளில் ஏறாவிட்டால் போகிறது, அவள் காதிலாவது விழட்டும் என்று. அவள் வந்து வாசல்படியில் நின்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "இனிமே அந்தப் பேப்பர் மாறுமா சார்?"

"மாறாதாம்மா."

"அப்பம் எங்க தெருவுக்கு அவ களவாணிதான். என்னைக்கும்."

திரும்பிப் போகத்தான் போனாள். அப்போது கட்டிலில் கிடந்த அவன் இடது கை கண்ணில் பட்டது. நின்றாள். கிட்டே வந்தாள். அந்தக் கையை எடுத்து, கட்டை விரலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அப்படியே கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம். எஸ்றா இழுத்துப் பார்த்தான். கை வரவில்லை.

இன்றைக்கும் வருகிறாளாம். மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு, தூக்குச்சட்டியோடு, முக்கூடலிலிருந்து பஸ் ஏறி. ஜெமிமா கதவைப் பூட்டி வைத்துப் பார்த்தாள். பூட்டியும் திறந்தே கிடக்கிறதாம் கதவு. இசக்கியம்மா உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். எஸ்றாவோடு ஒரு பேச்சுக் கிடையாது. அவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அந்த இடது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தெருவில் நடந்தது, இன்றைக்குச் சுற்றின பீடி, குழம்புக்கு வாங்கின கருவாடு என்று ஒவ்வொன்றாக அதனிடம் சொல்லுகிறாள்.

அந்த நேரத்தில் எஸ்றா அயர்ந்து தூங்கிவிடுவானாம். கட்டை விரல் மட்டும் தூங்காது. அவள் ஒவ்வொரு பேச்சு முடிக்கும்போதும் 'உம்' கொட்டுகிற மாதிரி... பைய... ஒரு தடவை மடங்கி நிமிரும்.